ஊர்ச் செய்தி எங்கே போனது? உள்ளூர் சேனல்களும் அவற்றின் உடைமையாளர்களும்

#1 வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருவாரூர் மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். சென்ற மாதம் கூட்டுக் குடிநீர்க் குழாய் உடைந்து எங்கள் ஊருக்கு ஐந்து நாள் தண்ணீர் வரவில்லை. இரண்டாம் நாள் இரவு என் தாயார் தொலைக்காட்சியைப் போடச் சொல்லி, "தண்ணீர் எப்போது வருமென்று சொல்கிறார்களா, பார்" என்றார்.

அவர் கேட்டதில் வியப்பில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர்க் கேபிள் சேனலில் இரவு ஏழரை மணிக்கு இதைத்தான் சொல்வார்கள். குழாய் எங்கே உடைந்தது, எத்தனை மணிக்கு லாரி எந்தத் தெருவுக்கு வரும், நாளை எந்தப் பக்கம் மின்தடை, எந்தக் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை, யார் வீட்டுக் கன்றுக்குட்டி காணாமல் போனது என்பதுவரை வரும். வாசித்தவர் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரின் மகள். கேமரா ஆடும், ஒலி சரியாக வராது. ஆனாலும் ஊர் முழுவதும் அதைப் பார்த்தது.

இப்போது எங்கள் வீட்டுப் பெட்டியில் பன்னிரண்டுக்குக் குறையாத தமிழ்ச் செய்திச் சேனல்கள் வருகின்றன. அன்றிரவு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே விவாதம், ஏறக்குறைய ஒரே ஆட்கள். எங்கள் ஊர் எதிலும் இல்லை, எங்கள் மாவட்டமும் இல்லை.

எந்தச் சேனல் எந்தக் கட்சிக்காரருடையது என்பது தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் பற்றி ஆயிரம் இழைகள் வந்துவிட்டன. நான் கேட்பது வேறு: எங்கள் ஊர்ச் செய்தியை யார், எப்போது, எதற்காக நிறுத்தினார்கள்? உள்ளிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

#2 கேபிள்_1993

ஐயா, நான் டெல்டா பக்கத்தில் கேபிள் நடத்துபவன். 1993இல் எட்டடி டிஷ் ஒன்றை மாடியில் நிறுத்தித் தொடங்கினேன். நூற்று இருபது இணைப்பு. அந்த ஆண்டு ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி வந்தது. அதற்குப் பிறகு இணைப்புக் கேட்டு ஆட்கள் வீட்டு வாசலில் நின்றார்கள்.

நீங்கள் கேட்டதற்கு என்னால் திட்டவட்டமாகப் பதில் சொல்ல முடியும். அனலாக் காலத்தில் கண்ட்ரோல் ரூம் என்னுடையது. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ரிசீவர், அதைக் கம்பியில் ஏற்ற ஒரு மாடுலேட்டர். இன்னொரு மாடுலேட்டர் வாங்கி வைத்தால் எனக்கென்று ஒரு சேனல். யாரையும் கேட்க வேண்டியதில்லை. முதலில் வீடியோ டெக்கில் படம் போட்டோம். பிறகு கோவில் திருவிழா. பிறகு ஒரு கேமராவும் கணினியும் வாங்கி, இரண்டு பையன்களை வைத்துச் செய்தி தொடங்கினோம். ஜவுளிக்கடை, நகைக்கடை, பள்ளிச் சேர்க்கை, மஞ்சள் நீராட்டு விழா வாழ்த்து, நினைவஞ்சலி, இவைதான் வருமானம். நினைவஞ்சலியை ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. அந்தப் பணம்தான் அந்தப் பையன்களுக்குச் சம்பளம்.

பிறகு டிஜிட்டல் வந்தது. பெருநகரங்களுக்கு 2012, கோவை போன்ற நகரங்களுக்கு 2013, எங்களைப் போன்ற சிற்றூர்களுக்கு 2017 மார்ச் 31 கெடு. எல்லாச் சேனலும் எம்எஸ்ஓ என்கிற பெரிய விநியோக நிறுவனத்தின் ஹெட்எண்ட் என்ற மையத்தில் சேர்ந்து, குறியாக்கம் செய்யப்பட்டு, ஃபைபர் வழியாக என் ஊருக்கு வரும். நான் அதைப் பிரித்து வீடுகளுக்குக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் வேலை. என் மாடுலேட்டர்கள் பழைய இரும்புக்குப் போயின. என் சேனல் வீடுகளில் தெரிய வேண்டுமானால் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஹெட்எண்டில் ஓர் இடம் வாங்க வேண்டும். அதற்கு மாதம் ஒரு தொகை கேட்டார்கள். நினைவஞ்சலி விளம்பரத்தில் அந்தப் பணம் வராது.

செய்தியை யாரும் உத்தரவு போட்டு நிறுத்தவில்லை, ஐயா. கம்பி கைமாறியது, செய்தி நின்றது.

#3 தெற்குமாசி

ஆசிரியர் ஐயா, கேபிள்காரர் அண்ணன், இருவரும் மன்னிக்க வேண்டும். அந்தப் பழைய உள்ளூர் சேனல்களை நினைத்து உருகுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் மதுரைக்காரன்.

2003 வாக்கில் எங்கள் பகுதியில் சாக்கடை உடைந்து இரண்டு மாதம் நாறியது. மறியல் செய்தோம். உள்ளூர் சேனல்காரர் வந்து படமெடுத்தார். அன்றிரவு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. போய்க் கேட்டால், "தம்பி, என் வயர் முழுவதும் மின்கம்பத்தில் போகிறது. நாளைக்கு வந்து அறுத்துவிட்டால் என்ன செய்வேன்?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மின்கம்பமும் தெருவும் யார் பொறுப்பில் இருக்கின்றனவோ அவர்களைப் பகைத்துக்கொண்டு எந்தக் கேபிள்காரரும் தொழில் நடத்த முடியாது. வட்டத்தில் யார் செல்வாக்கோ அவர் முகம்தான் அந்தச் சேனலில் காலையும் மாலையும் வரும். அதற்குப் பெயர் ஊர்ச் செய்தியா?

கம்பியும் செய்தியும் ஒரே கையில் இருந்தால் எதுவரை போகும் என்று மதுரை கண்ணால் பார்த்திருக்கிறது. 2007 மே 9 அன்று, ஒரு கருத்துக்கணிப்பு வெளியானதற்காகச் சன் குழுமத்தின் தினகரன் நாளிதழ் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். அந்த மூன்று குடும்பங்களை நினைக்காமல் நான் இந்தப் பேச்சைப் பேசுவதே இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 15இல் கலைஞர் டிவி வந்தது. அக்டோபரில் அரசு கேபிள் நிறுவனம் பதிவானது. மக்களுக்கு மலிவாகக் கேபிள் தர வேண்டும் என்ற ஞானம் திடீரென்று அந்த ஆண்டில் மட்டும் ஏன் பிறந்தது? சன் டிவியின் மாறன்களுக்கும் அன்றைய முதல்வர் கருணாநிதிக்கும் நடுவே, ஒரே குடும்பத்துக்குள் விரிசல் விழுந்தபோது பிறந்தது. விரிசல் ஒட்டிக்கொண்டதும் அரசு கேபிள் படுத்துவிட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் எழுந்தது. செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் அதில் சன் குழுமச் சேனல்கள் இல்லை.

எங்கள் வீட்டில் எழுபது ரூபாய் பெரிய நிம்மதி, அதை மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சேனல் தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிற பொத்தான் ஒரு தனியார் குடும்பத்திடமிருந்து ஆட்சியில் இருப்பவரிடம் போனது. மக்களிடம் அது வரவே இல்லை.

#4 மாவட்டச் செய்தியாளன்

பெயர் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். பதினேழு ஆண்டுகளாக மாவட்டச் செய்தியாளர். மூன்று சேனல் மாறிவிட்டேன்.

வெண்ணாற்றங்கரை ஐயா, உங்கள் ஊர்த் தண்ணீர்ச் செய்தி போன்றவற்றை நாங்கள் அனுப்பாமல் இல்லை. நாளொன்றுக்கு நான்கைந்து செய்தி அனுப்புகிறேன். ஒன்று ஏறினால் அதிகம். எங்களில் பெரும்பாலோர் ஸ்டிரிங்கர்கள். ஒளிபரப்பான செய்திக்குத்தான் பணம். பெட்ரோல் என் செலவு, கேமரா என்னுடையது. ஆகவே எது ஏறும் என்று தெரிந்து அதையே தேடிப் போகிறோம். எது ஏறும்? சிசிடிவி காட்சி இருந்தால் ஏறும். வெட்டு, குத்து, அடிதடி ஏறும். அமைச்சர் வந்தால் ஏறும். கிணற்றில் விழுந்த யானைக் குட்டி ஏறும். உடைந்த குழாய் ஏறாது. டெஸ்கில் இருக்கும் பையன் சென்னையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டான். "இதில் விஷுவல் இல்லையே சார்" என்பான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கும் பத்து மாவட்டம், எட்டு மணி நேரம்.

விவாத நிகழ்ச்சி எதற்காக இத்தனை என்று எல்லாரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேரை ஸ்டுடியோவில் உட்காரவைத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். காரை அனுப்பி அழைத்து வர வேண்டும், காபி கொடுக்க வேண்டும். அதே ஒரு மணி நேரத்தை மாவட்டச் செய்தியால் நிரப்ப முப்பது செய்தியாளர், முப்பது கேமராமேன், வண்டி, எடிட்டர் வேண்டும். புதிய நிர்வாகம் வந்தால் முதலில் கைவைப்பது அந்த முப்பதில்தான்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. செல்பேசிக் கோபுரங்கள் விழுந்துவிட்டன. எடுத்த காட்சியை அனுப்பத் தஞ்சாவூர் வரை பைக்கில் போனேன், வழியெல்லாம் மரம். அனுப்பிவிட்டுப் பார்த்தால், முன்னெச்சரிக்கை நடவடிக்கைக்காக அரசைப் பாராட்டும் அறிக்கைகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் எடுத்தவை எப்போது ஏறின என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எந்தச் சேனல் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாவட்டச் செய்தியாளரே விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்று தொகை நிர்ணயித்தார்கள். யாரிடம் கையேந்தி விளம்பரம் வாங்கினேனோ, அவருடைய கல்லூரிப் பேருந்து மோதி ஒருவர் இறந்தார். அந்தச் செய்தியை நான் எப்படி எழுதியிருப்பேன்?

#5 வெண்ணாற்றங்கரை

கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன், தம்பி. வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி.

தெற்குமாசி சொல்வதையும் ஏற்கிறேன். எங்கள் ஊர்ச் சேனலிலும் சில பெயர்கள் வரவே வராது. ஆனால் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு என்பதை மறைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. அந்த வகைச் செய்தி தப்பித்தது. இப்போது அதுவும் இல்லை.

#6 இர்விங்_தமிழச்சி

டெக்சஸில் டல்லாஸை ஒட்டிய இர்விங் நகரிலிருந்து எழுதுகிறேன். இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அமெரிக்காவிலேயே மிக அதிகமான உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களைக் கையில் வைத்திருக்கும் நெக்ஸ்டார் நிறுவனத்தின் தலைமையகமும் இந்த ஊரில்தான். அதனால் இந்த இழை எனக்குத் தூரத்துப் பேச்சாகத் தோன்றவில்லை.

இங்கே ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனி நிலையம் உண்டு. மாலைச் செய்தி என்றால் அந்த நகரத்துச் செய்திதான்: பள்ளி வாரியம், சாலைப் பணி, சூறாவளி எச்சரிக்கை. சூறாவளி நாளில் உள்ளூர் வானிலையாளர் எங்கள் தெருப்பெயரைச் சொல்லி "இப்போதே உள்ளறைக்குப் போங்கள்" என்பார். நாங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அந்த நம்பிக்கைதான் இந்த நிலையங்களின் சொத்து.

அந்தச் சொத்தைத்தான் பெரிய நிறுவனங்கள் வாங்கிக் குவிக்கின்றன. ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் நாட்டின் 39 சதவீத வீடுகளுக்கு மேல் எட்டக் கூடாது என்று 2004இல் நாடாளுமன்றம் வரம்பு வைத்தது. அதற்குள் நிற்பதாகக் காட்டப் பல வழிகள் உண்டு. பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமம் வைத்திருக்கும், செய்தி அறையும் விளம்பரப் பிரிவும் பெரிய நிறுவனத்தின் கையில் இருக்கும். நிலையம் தன் ஊரிலோ அருகிலோ ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்று ஏறத்தாழ 80 ஆண்டுகளாக இருந்த விதியை 2017இல் நீக்கிவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் நெக்ஸ்டார், டெக்னா நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அந்த வரம்பு தளர்ந்தால்தான் அது நடக்கும் என்பது அப்போதைய நிலை.

2018இல் சின்கிளேர் நிறுவனத்தின் நிலையங்களில் பல ஊர்ச் செய்தி வாசிப்பாளர்கள் தலைமையகம் அனுப்பிய ஒரே உரையை வரி மாறாமல் வாசித்தார்கள். அவற்றை அருகருகே வைத்து ஒருவர் காணொளி வெளியிட்டபோதுதான் நாடு திகைத்தது. தாங்கள் இருபது ஆண்டுகளாக நம்பிய முகம், யாரோ எழுதிக்கொடுத்ததைத் தன் சொல்லாகச் சொல்கிறது என்பதை அன்று அறிந்தார்கள்.

செய்தியாளர் நண்பருக்காக ஒன்று சேர்க்கிறேன். "மக்கள் பார்ப்பதைத்தான் கொடுக்கிறோம்" என்று முதலாளிகள் சொல்வார்கள் அல்லவா? கிரெகரி மார்ட்டின், ஜோஷுவா மெக்ரெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017இல் சின்கிளேர் வாங்கிய நிலையங்களை, அதே நகரங்களில் இருந்த மற்ற நிலையங்களோடு ஒப்பிட்டு 2019இல் எழுதினார்கள். கைமாறிய நிலையங்களில் உள்ளூர்ச் செய்தி குறைந்து நாட்டு அரசியல் கூடியது, சாய்வும் மாறியது. பார்வையாளர்கள் கூடவில்லை, சற்றுக் குறைந்தார்கள். ஆக, மாற்றத்தைக் கேட்டது பார்வையாளர் இல்லை.

#7 மாவட்டச் செய்தியாளன்

அக்கா, உங்கள் கடைசிப் பத்தியை அச்செடுத்து எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். அலுவலகம் என்று மாவட்டத்தில் ஒன்று இருந்தால்.

இங்கே ரேட்டிங் மீட்டர் நாடு முழுவதற்கும் சில பத்தாயிரம் வீடுகளில்தான். நான் வேலை பார்க்கும் தாலுகாவில் ஒரு மீட்டர்கூட இருக்குமா என்பது ஐயமே. எங்கள் ஊர்க்காரர் எதைப் பார்க்கிறார் என்பதை யாரும் எண்ணவே இல்லை. எண்ணாததால் அவருக்கு எதுவும் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

#8 ஏழுமணிச்_செய்தி

சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் செய்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 1975 ஆகஸ்ட் 15இல் அந்த நிலையம் தொடங்கியபோது நான் கல்லூரி மாணவி. சில ஆண்டுகளில் உள்ளே வந்துவிட்டேன்.

ஒரே சேனல், ஒரே முதலாளி, அரசாங்கம். ஆளுங்கட்சித் தலைவர் திறந்துவைத்த பாலம் முதலில் வரும். எதிர்க்கட்சிப் பேரணியைக் கூட்டம் தெரியாதபடி நெருக்கமாக வெட்டச் சொல்வார்கள். அப்படி வெட்டிய கைகள் என்னுடையவையும்தான். அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். 1997இல் பிரசார் பாரதி நடைமுறைக்கு வந்து தன்னாட்சி என்றார்கள். பணமும் நியமனமும் டெல்லியில் இருந்தால் தன்னாட்சி காகிதத்தில்தான் இருக்கும்.

ஆயினும் எங்களுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. "வயலும் வாழ்வும்" எடுக்கக் குழு கிராமத்துக்குப் போயே ஆக வேண்டும். மழைக் காலத்தில் எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் என்ற பட்டியல் செய்தியில் வந்தே ஆக வேண்டும். யாருக்கும் அதில் விறுவிறுப்பு இல்லை, யாரும் அதை நீக்கவும் இல்லை, ஏனென்றால் அது கடமை என்று எழுதியிருந்தது. தனியார் சேனலுக்கு உரிமம் கொடுக்கும்போது அப்படி ஒரு கடமையையும் எழுதிவைக்கவில்லை. இத்தனை மணி நேரம் மாவட்டச் செய்தி, இத்தனை மாவட்டங்களில் முழுநேரச் செய்தியாளர் என்று ஒரு வரி போதும். செய்தியாளர் தம்பி புயலில் பைக்கில் போயிருக்க வேண்டாம்.

#9 சட்டக்_கல்லூரி_விடுதி

அம்மா, நீங்கள் கேட்கும் அந்த ஒரு வரி வராமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. என் ஆய்வுக் கட்டுரைக்காகப் படித்ததிலிருந்து எழுதுகிறேன்.

அரசியல் கட்சிகளும் மாநில அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் ஒளிபரப்பிலோ அதன் விநியோகத்திலோ இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இல் பரிந்துரைத்தது. 2012 டிசம்பரில் அதையே மீண்டும் வலியுறுத்தியது. 2014 ஆகஸ்டில் இன்னும் விரிவாக, செய்தித்தாளும் தொலைக்காட்சியும் ஒரே கையில் இருப்பதை மொழிவாரி, மாநிலவாரிச் சந்தையாகப் பிரித்துப் பார்த்துக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது. இந்த மூன்றில் ஒன்றும் சட்டமாகவில்லை. அரசு கேபிளுக்கு 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமமே கிடைத்துவிட்டது.

கேபிள்காரர் அண்ணன் நடத்தியது போன்ற சேனலுக்கு விதிமொழியில் "பிளாட்ஃபார்ம் சர்வீஸ்" என்று பெயர். 2022 நவம்பர் 30இல் மத்தியச் செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் அதற்கு நெறிமுறை வெளியிட்டது. சேனலுக்கு 1,000 ரூபாய் கட்டி இணையத்தில் பதிவு செய்யலாம். ஒரு எம்எஸ்ஓ தன் மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 சதவீதம் வரைதான் இப்படி வைத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சிப் பதிவுகளை 90 நாள் பாதுகாக்க வேண்டும். முக்கியமானது இது: உள்ளூர்ச் செய்தியும் நடப்பு நிகழ்வும் தர வேண்டுமானால் கம்பெனியாகப் பதிவு செய்த அமைப்பாக இருக்க வேண்டும். தனிநபரோ கூட்டாளி நிறுவனமோ செய்தி போட முடியாது.

கேபிள் நடத்துகிறவர்களில் எத்தனை பேர் கம்பெனி? பொறுப்பேற்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற நோக்கம் எனக்குப் புரிகிறது. நடைமுறையில் செய்தி சொல்லும் உரிமை பெரிய எம்எஸ்ஓவின் கைக்குப் போய்ச் சேர்கிறது.

#10 தெற்குமாசி

இர்விங்கிலிருந்து தங்கை எழுதியதைப் படித்தபின் என் நிலைப்பாட்டைச் சற்றுத் தெளிவாக்குகிறேன். உடைமை மாறினால் செய்தி மாறும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். ஜெயா டிவியைப் பாருங்கள். 1999இல் தொடங்கியது முதல் அது அதிமுகவின் குரல். 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தார். கட்சி ஒரு பக்கம், சேனல் சசிகலா குடும்பத்தின் பக்கம். நேற்று வரை முதல்வரைப் புகழ்ந்த அதே வாசிப்பாளர், அதே நாற்காலியிலிருந்து அதே ஆட்சியைத் தாக்கும் செய்தியை வாசித்தார். ஆளுங்கட்சிக்குக் குரல் இல்லாமல் போய் 2018 நவம்பரில் நியூஸ் ஜெ தொடங்கினார்கள். அந்த வாசிப்பாளர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாராவது கேட்டோமா?

புதிய தலைமுறை 2011 ஆகஸ்டில் வந்தபோது நானும் மகிழ்ந்தேன். கட்சி டிவிகளுக்கு நடுவே மக்கள் பேசுவதைக் காட்டினார்கள். ஆனால் அதன் உரிமையாளரும் கல்வி நிறுவனங்களின் அதிபர், ஒரு கட்சியைத் தொடங்கியவர். 2018இல் கோவையில் அவர்கள் நடத்திய விவாதத்துக்காகச் சேனல்மீதே வழக்குப் போட்டது அரசு. நியூஸ்18 ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. 2020இல் இணையத்தில் கிளம்பிய ஓர் அவதூறுப் பிரசாரத்தையடுத்து அங்கிருந்து மூத்த பத்திரிகையாளர்கள் வெளியேற வேண்டியிருந்தது. வேறு தொழில் இருக்கிற முதலாளிக்கு அந்தத் தொழிலில் எங்காவது ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கும். அதை இழுத்தால் செய்தி நிற்கும்.

கேபிள்காரர் அண்ணனுக்கு மின்கம்பம், பெரிய முதலாளிக்குக் கல்லூரியோ சுரங்கமோ. கயிற்றின் நீளம்தான் வேறு. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அண்ணனிடம் நான் நேரில் போய்ச் சண்டை போட முடிந்தது. இன்று யாரிடம் போய்க் கேட்பேன்?

#11 கேபிள்_1993

தம்பி, அந்த மின்கம்பம் பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் உண்மை. நானும் இரண்டு முறை செய்தியை நிறுத்தியிருக்கிறேன். ஒன்று நெல் கொள்முதலில் மூட்டைக்குப் பணம் வாங்கியது. படம் எடுத்துவைத்திருந்தோம். மறுநாள் காலை என் வயரை மூன்று தெருவில் அறுத்துப் போட்டிருந்தார்கள். என் மனைவி நகையை வைத்துத்தான் அந்த ஆண்டு வயர் வாங்கியிருந்தேன். போடவில்லை. படமெடுத்த பையன் அதன்பிறகு என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அவன் செய்தது சரி.

கம்பெனி பதிவு பற்றி: ஆடிட்டரைக் கேட்டேன். பதிவுச் செலவு பெரிதில்லை, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்வதுதான் இழுக்கும். இணைப்பு எண்ணிக்கையும் போய்விட்டது. 2019 பிப்ரவரியில் அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயும் வரியும், அதன்மேல் ஒவ்வொரு சேனலுக்கும் தனி விலை என்று வந்தபோது பலர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு இன்னும் பலர். இரண்டாயிரத்து நூறு இணைப்பு இருந்த இடத்தில் இப்போது எண்ணூறு. பிராட்பேண்ட் கொடுத்துத்தான் பிழைக்கிறேன். எங்கள் பகுதியில் எஞ்சிய நான்கு பேர் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினால் செலவு பங்காகும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள்.

#12 மாவட்டச் செய்தியாளன்

யூடியூப் என்று யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். எங்கள் மாவட்டத்திலேயே முப்பதுக்கு மேல் யூடியூப் சேனல்கள் இருக்கின்றன. கழுத்தில் அட்டை, கையில் மைக். சிலர் குவாரிக்குப் போய்ப் படமெடுத்துவிட்டு, போடாமல் இருக்கப் பணம் வாங்குகிறார்கள். அவர்களால் உண்மையான செய்தியாளனும் அலுவலக வாசலில் அவமானப்படுகிறான்.

ஆனால் ஒரு பெண் இருக்கிறார். தையல்கடை வைத்திருப்பவர். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் நடக்கிறதல்லவா, அவர் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முழுக் கூட்டத்தையும் செல்பேசியில் எடுத்து அப்படியே ஏற்றிவிடுகிறார். வெட்டுவதில்லை, இசை சேர்ப்பதில்லை. இருநூறு பேர் பார்ப்பார்கள். அந்த இருநூறு பேரும் அந்த ஊர்க்காரர்கள். சென்ற கூட்டத்தில் ஊராட்சிச் செயலர் வரவுசெலவை முழுதாக வாசித்தார். முன்பெல்லாம் "வாசித்ததாகக் கொள்ளவும்" என்பார்.

#13 வெண்ணாற்றங்கரை

கேபிள்காரர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. அந்தக் கம்பெனி அமைந்து சேனல் வந்தால், அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் எடுத்ததை நீங்கள் போடுவீர்களா? நீங்கள் வெட்டாமல், யாரும் வெட்டச் சொன்னாலும் வெட்டாமல்?

இன்னொன்று. 90 நாள் பதிவு வைக்க வேண்டும் என்று அந்த மாணவி எழுதியதும் நினைவு வந்தது. உங்கள் பழைய செய்திகள் எதுவும் மிச்சம் இருக்கிறதா?

#14 கேபிள்_1993

போடுவேன் என்று சொல்வது எளிது, ஐயா. நால்வர் கம்பெனி என்றால் எங்களில் ஒருவனுடைய வயரை யாராவது அறுத்தால் மற்ற மூவரும் நிற்க வேண்டும் என்பதை எழுத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அது எழுதப்பட்டால் போடுவேன்.

டேப் இருக்கிறது. பழைய கண்ட்ரோல் ரூமில் இரண்டு அட்டைப்பெட்டி, கேமராவில் போடும் சிறிய மினி DV டேப்கள், நூற்றைம்பதுக்கு மேல் இருக்கும். 2005 நவம்பர் வெள்ளம், பேரூராட்சிக் கூட்டங்கள், பங்குனித் திருவிழா, அந்தக் கொள்முதல் நிலையப் படம், எல்லாம் அதில்தான். ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லை. கேமரா எப்போதோ பழுதாகிவிட்டது. பூஞ்சை பிடித்திருக்குமோ என்று பெட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை.

#15 மாவட்டச் செய்தியாளன்

திறக்காதீர்கள் அண்ணா, ஈரமான இடத்தில் திறந்து வைத்தால் இன்னும் கெடும். சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு நன்றாக மூடி, உலர்ந்த அறைக்கு மாற்றுங்கள். என்னுடைய முதல் மினி DV கேமரா இன்னும் ஓடுகிறது. வரும் ஞாயிறு காலை எனக்கு வேலை இல்லை. கேமராவோடு வருகிறேன். ஆசிரியர் ஐயாவும் வந்தால், எந்த டேப்பில் யார், எந்தத் தெரு என்று எழுதிவைக்க உதவியாக இருக்கும். கேமராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிள் மட்டும் என்னிடம் இல்லை. யாரிடமாவது இருக்கிறதா?

#16 ஏழுமணிச்_செய்தி

என்னிடம் இரண்டு இருக்கின்றன. முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள், நாளை கூரியரில் போடுகிறேன். கொள்முதல் நிலைய டேப்பை முதலில் ஓட்டுங்கள்.